எடை போடும் முன் ‘எதற்கு?’ என்று கேட்போம்

உருளைக்கிழங்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வணிக நண்பர்கள் எண்ணக்கூடும். ஜி.எஸ்.டி. பற்றி எழுதலாம், ஆன்லைன் வியாபாரம் பற்றி எழுதலாம், லைசென்ஸ் கட்டணம் பற்றி எழுதலாம். அவையெல்லாம் நம் இதழில் வருகின்றன, வரவும் வேண்டும். ஆனால் ஐந்து கிலோ உருளைக்கிழங்கு ஒரு மளிகைக் கடையின் மாத லிஸ்ட்டையே கொண்டுபோனதை நாங்கள் நேரில் பார்த்தோம். அதில் எங்கள் மண்டிக்கும் பங்கு உண்டு. ஆகவே எழுதுகிறோம்.

2023 தீபாவளிக்கு நான்கைந்து நாள் இருக்கும். எங்களிடம் வாரம் இரண்டு மூட்டை எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், மதியம் மண்டி ஓய்ந்த நேரத்தில் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் உள்ளே சிப்ஸ். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். வாயில் போட்டால் முதலில் ஓர் அசட்டு இனிப்பு, பின்னால் கசப்பு.

“அண்ணாச்சி, இதப் பாருங்க. எண்ணெய் கெட்ட எண்ணெய்னு அந்தம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. நானும் சரி போகட்டும்னு வேற கம்பெனி பாக்கெட் மாத்திக் குடுத்தேன். அதுலயும் இப்படித்தான் வந்திருக்கு. இப்ப ரெண்டு எண்ணெயும் கலப்படம்னு தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. பதினோரு வருஷ வாடிக்கை. இந்த மாச லிஸ்ட் வரல.”

எண்ணெயில் ஒரு குற்றமும் இல்லை என்பது எங்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அது வடக்கிலிருந்து வந்த கோல்டு ஸ்டோரேஜ் கிழங்கு. லோடு இறங்கிய அன்றே எங்களுக்குத் தெரியும். பில்லில் என்ன எழுதினோம்? ‘உருளை – 2 மூட்டை’ என்று எழுதினோம். அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. அந்த அம்மாள் ‘அஞ்சு கிலோ கிழங்கு’ என்றார், எதற்கு என்று இவரும் கேட்கவில்லை. மூன்று இடத்தில் மூன்று பேர் வாய் திறக்காததில் நடுவில் இருந்த மளிகைக்காரருக்குத்தான் அடி. உருளைக்கிழங்கில் அவருக்குக் கிலோவுக்குக் கிடைப்பது சில ரூபாய். போனது மாதம் ஏழாயிரம் ரூபாய் லிஸ்ட்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கடையில் இருக்கும் பையனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி மாவு. உத்தரப் பிரதேசம், குஜராத் பக்கமெல்லாம் பெரும் அறுவடை மாசி, பங்குனியில் முடிந்துவிடும். அத்தனையும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை நிற்காது. ஆகவே பெரும்பகுதி கோல்டு ஸ்டோரேஜுக்குப் போய், ஐப்பசி கார்த்திகை வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. அங்கே 2 முதல் 4 டிகிரி குளிர். அந்தக் குளிரில் கிழங்கு முளைக்காது, எளிதில் அழுகாது. ஆனால் தன்னிடம் உள்ள மாவில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். எண்ணெய்ச் சூட்டில் அந்தச் சர்க்கரைதான் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறுகிறது. எந்த எண்ணெயை மாற்றினாலும் அது மாறாது.

இதனால் அது கெட்ட கிழங்கு ஆகிவிடாது. அதே கிழங்கைச் சாம்பாரில் போடலாம், குருமாவில் போடலாம்; கொஞ்சம் இனிப்புத் தட்டும், அவ்வளவுதான். காரமும் புளியும் அதை மறைத்துவிடும். வறுவலுக்கும் சிப்ஸுக்கும்தான் ஆகாது. கிடங்கிலிருந்து எடுத்து இரண்டு மூன்று வாரம் வெளியே வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊர் வெக்கையில் அத்தனை நாள் வைத்தால் பாதி முளைத்துவிடும், கால்வாசி அழுகிவிடும். அது நமக்குச் சரிப்பட்டு வராது.

சிப்ஸ் கம்பெனிகள் லோடு இறக்கும் முன்பே மாதிரிக் கிழங்கை எடுத்து வறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகின்றன. அவர்களுக்காகவே சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998இல் ‘குஃப்ரி சிப்சோனா’ என்ற ரகங்களை வெளியிட்டது. அவர்கள் சரக்கை 10, 12 டிகிரியில் வைத்து, முளைக்காமல் இருக்க மருந்தும் கொடுத்துக் காக்கிறார்கள். கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்கு இத்தனை பாதுகாப்பு. ஐந்து கிலோ வாங்கும் வீட்டம்மாவுக்குச் சோதித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம். ஒரு கிழங்கை அறுத்து நாலு வில்லை வறுத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகுமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். நம் கடைகளில் உருளைக்கிழங்கு ஒரே சரக்காக ஒரே விலையில் ஒரே கூடையில் கிடக்கிறது. அரிசியை அப்படி விற்போமா? இட்லி அரிசி வேறு, சாப்பாட்டு அரிசி வேறு, பச்சரிசி வேறு என்று பத்து மூட்டை பிரித்து வைத்திருக்கிறோம். யாராவது ‘அரிசி ஒரு கிலோ’ என்று கேட்டால் ‘என்ன அரிசிம்மா?’ என்று கேட்காமல் மூட்டையில் கை வைப்பதில்லை. பருப்பிலும் அப்படித்தான், மிளகாயிலும் அப்படித்தான். உருளைக்கிழங்கில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

வீட்டுச் சமையலுக்கு வேண்டிய அளவில் கிழங்கை இரண்டு சாதியாகப் பிரித்தால் போதும். ஒன்று, வெந்தால் மாவாக உதிர்வது. இன்னொன்று, வெந்தாலும் துண்டு துண்டாக நிற்பது. பூரி மசால், போண்டா, கட்லெட், பொடிமாஸ் இவற்றுக்கெல்லாம் உதிர்வது வேண்டும். குருமா, சாம்பார், கறிக்குழம்பு, காரக்கறி இவற்றுக்கு நிற்பது வேண்டும். மாறிப்போனால் குருமா கூழாகிவிடும், போண்டா உருண்டை பிடிக்காது. வீட்டில் சமைக்கிறவர் மசாலாவையும் தன் கையையும் நொந்துகொள்வார். கிழங்கை விற்ற நமக்கு அது தெரியாமலே போய்விடும். அடுத்த முறை அவர் வேறு கடையில் வாங்கிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்து எது எந்தச் சாதி என்று சொல்வது எங்களுக்கே சில நேரம் கஷ்டம். எளிய சோதனை ஒன்று உண்டு. பதினொரு டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளர் தூள் உப்பைக் கரைத்து, கழுவிய கிழங்கை முழுசாக அதில் போடுங்கள். மாவுச் சத்து மிகுந்த கிழங்கு கனமானது, அது மூழ்கும். தண்ணீர்ச் சத்து மிகுந்தது மிதக்கும். மூழ்கியது போண்டாவுக்கு, மிதப்பது குருமாவுக்கு. ஒரு மூட்டையில் நாலைந்து கிழங்கைப் போட்டுப் பார்த்தால் அந்த மூட்டையின் குணம் பிடிபட்டுவிடும். எங்கள் மண்டியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் இந்த உப்புத் தண்ணீர் இப்போது எப்போதும் இருக்கிறது. முதலில் லோடுமேன்கள் சிரித்தார்கள். இப்போது மூட்டை பிரித்தவுடன் அவர்களே கிழங்கைப் போட்டுவிட்டுக் கத்திச் சொல்கிறார்கள்.

புதுக் கிழங்கா, பழங்கிழங்கா என்று பார்க்கச் சோதனை ஒன்றும் வேண்டாம். கட்டைவிரலால் தோலைத் தேய்த்தால் உரிந்து வந்தால் புதுசு. அதில் தண்ணீர் அதிகம். குருமாவுக்கும் முழுசாக வறுக்கும் சின்ன உருளைக்கும் நல்லது. பிசைந்து உருட்டும் பலகாரத்துக்கு அதைத் தராதீர்கள்.

ரகப் பெயர்கள் பல உண்டு. 1968இல் வந்த குஃப்ரி ஜோதி, அதன் பின் வந்த குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி கிரிராஜ் என்று நீலகிரியில் பயிரானவை சில. வடக்கே வேறு சில. மண்டிக்காரன் இதைத் தெரிந்துகொள்ளட்டும். கடைக்கு வருகிற அம்மாவுக்குக் கிழங்கு எந்த ஊர், புதுசா கிடங்குச் சரக்கா என்று இரண்டு சொல் சொன்னால் போதும்.

அடுத்தது அளவு. இதில்தான் கடைக்கும் அடுப்படிக்கும் பாஷையே வேறாக இருக்கிறது. நாம் எடையில் பேசுகிறோம், அவர்கள் எண்ணிக்கையில் பேசுகிறார்கள். பத்திரிகையில் வரும் சமையல் குறிப்பைப் பாருங்கள். ‘உருளைக்கிழங்கு – 4’ என்று போட்டிருக்கும். எந்த நாலு? கோழிமுட்டை அளவுக் கிழங்கு நாலு என்றால் கால் கிலோ கூட வராது. சாத்துக்குடி அளவு நாலு என்றால் முக்கால் கிலோவைத் தாண்டும். ஒரு மடங்கு, இரண்டு மடங்கு அல்ல, மூன்று மடங்கு வித்தியாசம். அதே உப்பு, அதே மிளகாய்த்தூள் போட்டால் சமையல் எப்படி விளங்கும்?

நம் கடைப் பையன்களுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு இது. முட்டை அளவு என்றால் ஒன்று 60 கிராம், கிலோவுக்குப் பதினாறு பதினேழு நிற்கும். குளிக்கிற சோப்புக் கட்டி அளவு என்றால் 100, 110 கிராம், கிலோவுக்கு ஒன்பது பத்து. இதைத்தான் நடுத்தரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சாத்துக்குடி அளவு என்றால் 200 கிராம், கிலோவுக்கு ஐந்து. ‘நாலு கிழங்கு’ என்று ஒரு பிள்ளை வந்து கேட்டால் நடுத்தரத்தில் நாலு, நானூறு சொச்சம் கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் பூரி மசாலுக்கு அரை கிலோ சரியாக இருக்கும். இதைக் கேட்டுப் பழகிவிட்டால் பெண்கள் அடுத்த முறை நம்மிடமே ‘ஆறு பேருக்கு எவ்வளவு போடலாம் அண்ணாச்சி?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை எந்த செல்போன் ஆப்பிடமும் கேட்க முடியாது.

தோல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். (வீட்டம்மாவுக்கு இதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.) பெரிய கிழங்கு ஒரு கிலோவைப் பச்சையாகக் கத்தியால் சீவியதில் போனது 120 கிராம். நடுத்தரத்தில் 150. கோலிக்குண்டுக்கு அண்ணன் போலிருக்கும் பொடிக் கிழங்கில் 220 கிராம் தோலோடு போயிற்று. அவித்து உரித்தால் எதிலும் இதில் பாதி கூடப் போகவில்லை. ஆகவே ‘பொடி விலை குறைச்சல்தானே’ என்று சீவிப் போடுகிற சமையலுக்கு வாங்குகிறவருக்கு லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை. அவித்து உரிப்பவருக்கும், தோலோடு வறுப்பவருக்கும்தான் லாபம். இதையும் சொல்லி விற்கலாம்.

இங்கே சில நண்பர்கள் மறுப்புச் சொல்வார்கள் என்று தெரியும். ‘பொறுக்கி எடுக்க விட்டால் பெரிசையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், பொடி நம் தலையில்’ என்பது அவர்கள் வாதம். பல கடைகளில் ‘பொறுக்கக் கூடாது’ என்று அட்டையே தொங்குகிறது. எங்களுக்கும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பொறுக்குகிறவர் ஏன் பொறுக்குகிறார்? நாம் பெரிசையும் பொடியையும் புதுசையும் பழசையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலை வைத்திருப்பதால்தான். காசு கொடுக்கிறவர் அதில் நல்லதைத் தேடத்தானே செய்வார்? மூன்று கூடையாகப் பிரித்துப் பெரிசுக்கு ஒரு விலை, நடுத்தரத்துக்கு ஒரு விலை, பொடிக்கு ஒரு விலை என்று வைத்துவிட்டால் பொறுக்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது? பொடியைச் சின்ன உருளை வறுவலுக்கென்று தேடி வந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குவியலின் அடியில் கிடந்தால் அது கழிவு, தனிக் கூடையில் கிடந்தால் அது ஒரு சரக்கு.

இடம் இல்லை என்பார்கள். உண்மைதான்; பத்துக்குப் பத்து கடையில் மூன்று கூடை வைப்பது சிரமம். அப்படியானால் இரண்டு வையுங்கள். ஆள் இல்லை என்பார்கள். அதற்கு மண்டிதான் பதில் சொல்ல வேண்டும். மூட்டையின் வாயில் அழகான பெரிய கிழங்காக வைத்து அடியில் பொடியைத் திணித்து அனுப்புகிற வழக்கம் நம் தொழிலில் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. விளைவித்தவர் செய்தார், ஏற்றியவர் செய்தார் என்று ஆளுக்கு ஆள் கை காட்டுகிறோம். பிரித்து அனுப்ப வேண்டியது மொத்த வியாபாரியின் வேலை. அதற்குக் கூலி கூடும் என்றால் அதைத் திறந்து சொல்லி விலையில் வைக்கலாம். மளிகைக்காரர் மறுக்கமாட்டார்.

விலையைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மேட்டுப்பாளையத்தில் ஊட்டிக் கிழங்கு 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஏலம் போகிறது. வடக்கத்திச் சரக்கு பெரும்பாலும் 50 கிலோ. மூட்டை விலையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு இது மலிவு, அது மலிவு என்று தீர்மானிக்கும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். வகுத்த பிறகு மண்ணையும் பொடியையும் வெட்டுக்காயத்தையும் கழித்துப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள் எது மலிவு என்று.

ஊட்டிக் கிழங்குக்குச் சந்தையில் எப்போதும் கூடுதல் விலை. 1820களில் சலிவன் துரை நீலகிரியில் ஆங்கிலக் காய்கறிகளைப் பயிர் செய்யத் தொடங்கிய நாள் தொட்டு அந்த மலைக்கு அப்படி ஒரு பெயர். தோண்டிய சூட்டோடு சந்தைக்கு வருவதால் கிடங்குக் கிழங்கின் அசட்டு இனிப்பு அதில் இருக்காது. கூடுதல் விலைக்கு அது ஒரு நியாயமான காரணம். இந்தப் பெயரை வைத்து, வடக்கத்திக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி ஊட்டிக் கிழங்கு என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே, யார் என்று இங்கே எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம். மண்ணையும் கிழங்கு விலைக்கு விற்று, கிழங்கையும் பொய்ப் பெயரில் விற்பது வியாபாரம் அல்ல. அப்படி வந்த சரக்கைத் தெரிந்தே வாங்கி விற்கிற கடைக்காரரும் பங்காளிதான். அவித்து ஒரு வாய் தின்றால் வேஷம் கலைந்துவிடும். அப்போது திட்டு வாங்குவது மண் பூசியவர் அல்ல, நம் கடைக்காரர்.

வைப்பு முறையில் நாம் செய்கிற தவறு, சரக்கை அழகாகத் தெரியட்டும் என்று கடை வாசலில் வெயில் படக் கொட்டி வைப்பது. வெளிச்சம் பட்டால் கிழங்கில் பச்சை ஓடும். அந்தப் பச்சை வெறும் இலைப்பச்சைதான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதோடு கூடவே சொலனைன் என்று ஒரு நச்சுப்பொருள் கூடுகிறது. முளையிலும் கண்ணிலும் அது அதிகம். கிழங்கு கசக்கும், அதிகமாகத் தின்றால் வயிற்றுவலி, வாந்தி வரும். வேக வைத்தாலும் போகாது. லேசாக ஓடியிருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியலாம். நன்றாகப் பச்சை பிடித்ததைக் கழித்துத்தான் ஆகவேண்டும். ‘ஒண்ணும் செய்யாதும்மா, சீவிட்டுப் போடுங்க’ என்று நம் பையன்கள் சர்வசாதாரணமாகச் சொல்லி எடை போடுகிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். நிழலில், காற்றோட்டமாக, மேலே ஒரு சாக்கைப் போட்டு வைத்தால் இந்த நஷ்டமே இல்லை. வெங்காயத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒன்றின் ஈரம் இன்னொன்றைக் கெடுக்கும். கழுவி வைக்கவும் வேண்டாம், சீக்கிரம் அழுகும். வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களிடமும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோல்டு ஸ்டோரேஜில் நடந்ததே அங்கேயும் நடக்கும்.

தராசைப் பற்றிச் சொல்லாமல் உருளைக்கிழங்கைப் பற்றி எழுதினால் எங்கள் தந்தையார் மன்னிக்கமாட்டார். அவர் காலத்தில் வீசைக் கணக்கு. ஒரு வீசை என்பது இன்றைய கணக்கில் 1 கிலோ 400 கிராம். 1958இல் மெட்ரிக் எடை வரத் தொடங்கி, வீசைக்கும் கிலோவுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஜனங்கள் தடுமாறியபோது, அந்தத் தடுமாற்றத்திலேயே சம்பாதித்தவர்களும் உண்டு, நின்று விளக்கிச் சொன்னவர்களும் உண்டு என்று அவர் சொல்வார். எந்தக் கடைகள் பேரன் காலம் வரை நின்றன என்றும் விரல் மடக்கிச் சொல்வார்.

இன்று எலெக்ட்ரானிக் தராசு. அதற்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. இது உறுப்பினர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் முத்திரை சரியாக இருந்தும் எடை தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் கூடையை வைத்து, அதைக் கழித்துப் பூஜ்யம் காட்டாமலே கிழங்கை அள்ளிப் போடுகிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, அவசரம். கூடை 150 கிராம் இருந்தால், அரை கிலோ வாங்கியவருக்கு அதில் பத்தில் மூன்று பங்கு குறைகிறது. வீட்டில் சின்னத் தராசு வாங்கி வைத்திருக்கும் பெண்கள் இப்போது நிறைய. கேக் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தராசில் நம் கிழங்கும் ஒரு நாள் ஏறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எண் தெரியும் பக்கத்தை வாடிக்கையாளர் பார்க்கத் திருப்பி வையுங்கள்.

கடைசிக் கிழங்கு போடும்போது முள் தாண்டும், எடுத்தால் குறையும். முன்பெல்லாம் இதற்கென்றே கல்லா ஓரத்தில் பொடிக் கிழங்கு பத்து கிடக்கும். எடையைக் கட்ட அது உதவும். பொடிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு.

எங்கள் மண்டியில் என்ன மாற்றம் செய்தோம் என்று கேட்பவர்களுக்கு: 2024 பொங்கல் முதல் ஒவ்வொரு மூட்டையிலும் சாக்பீஸால் ஊர் பெயரையும், ‘புதுசு’ அல்லது ‘கிடங்கு’ என்பதையும் எழுதி அனுப்புகிறோம். பில்லிலும் அப்படியே. கிடங்குச் சரக்கு என்று எழுதினால் விலை குறைத்துக் கேட்கிறார்கள் என்று எங்கள் தம்பிக்குக் குறைதான். கேட்கத்தான் செய்கிறார்கள். முதல் இரண்டு மாதம் கொஞ்சம் நஷ்டமும் பட்டோம். ஆனால் திரும்பி வரும் மூட்டை குறைந்திருக்கிறது. ‘வறுவலுக்கு ஆகும்னு நீங்க சொன்ன மூட்டைதான் வேணும்’ என்று கேட்டு வாங்குகிற கடைகள் ஏழெட்டுச் சேர்ந்திருக்கின்றன. நம் ஊரில் உருளை விற்கும் மண்டிகள் எல்லாரும் மூட்டையில் இப்படி எழுதுவது என்று சங்கத்தில் பேசி முடிவு செய்யலாம். அடுத்த கூட்டத்தில் இதைக் கொண்டுவர இருக்கிறோம். எதிர்க்கிறவர்கள் அங்கே வந்து எதிர்க்கலாம். சிப்ஸ் பொட்டலத்தையும் கொண்டுவருகிறோம்.

அந்த மளிகைக்காரர் இப்போது மூன்று கூடை வைத்திருக்கிறார். அந்த அம்மாவின் மாத லிஸ்ட் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அவர் வீட்டுக்கே போய், எண்ணெயில் தவறில்லை, கிழங்கில்தான் விஷயம் என்று விளக்கிவிட்டு வந்தாராம். கேட்டுக்கொண்டாராம், பதில் ஒன்றும் சொல்லவில்லையாம். போன மாதம் ஒரு நாள் அவர்கள் வீட்டுப் பையன் வந்து, “ஒரு கிலோ உருளைக்கிழங்கு குடுங்க” என்றிருக்கிறான். “எதுக்குப்பா?” என்று இவர் கேட்க, “தெரியல, அம்மாட்ட கேட்டுட்டு வர்றேன்” என்று ஓடியிருக்கிறான். திரும்பி வந்து, “பொடிமாஸுக்காம், நல்லா உதிர்றதா பாத்துக் குடுக்கச் சொன்னாங்க” என்றானாம்.